செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பழைய எம்.பி.எஃப்.ஐ. காரில் கோளாறைத் தேடும் முறை

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஐந்து நொடி, பத்து நொடி. எஞ்சினுக்கு மட்டும் உயிர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பால் பாக்கெட்டும் கையுமாக வந்து நின்று, “சோக்கை இழுத்துப் பாருங்க சார்” என்கிறார். உங்கள் காரில் சோக்கே கிடையாது.

இது அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கான கட்டுரை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தபோதே அதில் கார்புரேட்டர் இல்லை. அதற்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ., அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைப் பீச்சும் முறை. அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 புகை விதி 2000-ல் டெல்லியிலும் 2001-ல் சென்னையிலும் நடைமுறைக்கு வந்தபோது மாருதி 800 வரை பெட்ரோல் கார்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டிக்கி கதவில் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்று பெருமையாக எழுத்து ஒட்டியிருப்பார்களே, அந்தத் தலைமுறை. அந்த வண்டிகளில் பல இன்று எஃப்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜெக்‌ஷன் என்றதும் ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று பயப்படத் தேவையில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் கோளாறு பெரும்பாலும் ஒரு ரிலேயிலோ (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), எர்த் வயரிலோ, பம்ப்பிலோ போய் நிற்கும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

பெட்ரோல் டேங்க்குக்குள் ஒரு மின்சார பம்ப் மூழ்கிக் கிடக்கிறது. அது பெட்ரோலை ஃபில்டர் வழியாக எஞ்சின் மேலே இருக்கும் ஒரு தடித்த குழாய்க்குத் தள்ளுகிறது. அந்தக் குழாய்க்கு ஃபியூயல் ரெயில் என்று பெயர். அதில் அழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போனால் ரெகுலேட்டர் மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்கே திருப்பி அனுப்பிவிடும். ரெயிலிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். அது ஒரு மின்வால்வு, அவ்வளவுதான். எப்போது திறக்க வேண்டும், எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை இ.சி.எம். என்ற பெட்டி முடிவு செய்கிறது.

இ.சி.எம். முடிவு செய்ய வேண்டுமானால் எஞ்சின் சுற்றுகிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும். கிராங்க் சென்சாரின் வேலை அதைச் சொல்வது. அந்தச் சென்சார் வாய் திறக்காவிட்டால் இ.சி.எம். பிளக்குக்குப் பொறி தராது, இன்ஜெக்டரைத் திறக்காது, பம்ப்பையும் இரண்டு நொடியில் நிறுத்திவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் தேட வேண்டும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொறி போதும். ஆகவே வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் வாளி பெட்ரோல் தீக்கு உதவாது, தீயைப் பரப்பிவிடும். பெட்ரோல் குழாயைக் கழற்றுவதானால் முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃபை இரண்டு மூன்று முறை சில நொடிகள் சுற்றுங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இணைப்பின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். 3 பாரில் பீச்சும் பெட்ரோல் கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கங்கள் சிலவற்றை இங்கே மறந்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ‘ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா’ என்று பார்ப்பது ஒன்று. அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் இ.சி.எம்.மைச் சுட்டுவிடலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்னொன்று. பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பம்ப்பும் இ.சி.எம்.மும் விழிக்காது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதுதான் மிச்சம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், நல்ல நிலையில் ஒரு பழைய பிளக், சில ஸ்பேனர்கள். ஃபியூயல் பிரஷர் கேஜ் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெட்கப்படாமல் பார்க்க வேண்டியவை

டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? பழைய காரின் முள் பொய் சொல்லும். கால் டேங்க் காட்டிக்கொண்டே காலியான வண்டிகள் உண்டு. சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு மேலே படியுங்கள்.

பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ டெர்மினலையோ பார்க்க வேண்டும். செல்ஃப் சுமாராகச் சுற்றினாலும் இ.சி.எம்.முக்குப் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் அது முழிக்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் ஒயரையும் அப்படியே. கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் இந்த எர்த் ஒயர் உறைக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும்.

சுற்றும் ஓசையைக் கேளுங்கள். வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படித் தோன்றினால் செல்ஃபை மேலும் அடிக்காதீர்கள். சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இந்தக் கட்டுரை அந்தக் கோளாறுக்கு உதவாது, வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான்.

டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? அது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. மாருதிக்காரர்கள் இதை ஐகேட்ஸ் என்பார்கள். இன்னொரு சாவியால் முயன்று பாருங்கள். ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகள் தொங்கினாலும் ஒன்றையொன்று குழப்பும், தனியாகப் பிரித்துவிட்டு முயலுங்கள்.

செக் எஞ்சின் விளக்கு

செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் பலர் பதறுகிறார்கள், எரியாதபோதுதான் பதற வேண்டும். எரியவில்லை என்றால், பல்ப் ஃபியூஸாகவில்லை என்ற பட்சத்தில், இ.சி.எம்.முக்குக் கரண்டே போகவில்லை என்று பொருள். அதன் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் மூன்றையும் பாருங்கள். மெயின் ரிலே போனால் பம்ப், பொறி, இன்ஜெக்டர் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். புது ஆள் பத்து இடத்தில் தேடுவார், கோளாறு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

பம்ப்பின் குரல்

விளக்கு எரிகிறது, சரி. இப்போது ஒருவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பின் சீட்டில் காதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெட்ரோல் மூடியைத் திறந்து வாய்ப் பக்கம் கேளுங்கள். சாவி ஆன் ஆனதும் ‘ங்ங்ங்’ என்று சுமார் இரண்டு நொடி ஒரு முனகல் கேட்டு நிற்க வேண்டும். பம்ப் ரெயிலில் அழுத்தம் ஏற்றுகிற ஓசை அது. ஒரு சில மாடல்களில் செல்ஃப் சுற்றும்போது மட்டும்தான் பம்ப் ஓடும், அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

ஓசை வரவில்லையா? பதற்றப்பட்டுப் புதுப் பம்ப் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டரால் சோதியுங்கள். அடுத்து ரிலே. பல வண்டிகளில் ஹாரனுக்கும் பம்ப்புக்கும் ஒரே வகை ரிலேதான் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஹாரன் ஊமையாகி பம்ப் முனகினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

இதில் என் கதை ஒன்று. எனது 2002 மாடல் வண்டி ஒரு மே மாத மதியம் சாலையோரம் நின்றது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது. மறுநாள் மீண்டும் அதே கதை. கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு ‘இ.சி.எம். போயிடுச்சு, வேற போடணும்’ என்றார்கள். வண்டியின் அன்றைய மதிப்பில் கால் பங்கு கேட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிலேயைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஈயப் பற்றில் மெல்லிய வட்ட விரிசல். சூடானால் விரியும், ஆறினால் ஒட்டும். சால்டரிங் அயர்ன் வைத்து ஒரு தொடு தொட்டேன், இன்னும் ஓடுகிறது. அன்றிலிருந்து யாராவது இ.சி.எம். போய்விட்டது என்றால் “ரிலேயை மாத்திப் பாத்தீங்களா?” என்றுதான் கேட்கிறேன்.

மாற்றிச் செருகியும் ஓசை இல்லை என்றால் ரிலேயை எடுத்துவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்ற எண்களுக்குரிய இரு முனைகளை ஃபியூஸ் வைத்த ஒயரால் ஒரு கணம் இணையுங்கள். அந்த எண்கள் ரிலேயின் அடியில் அச்சிட்டிருக்கும். பம்ப் ஓடினால் பம்ப்பில் குற்றமில்லை, அதற்கு ஆணை வரும் வழியில்தான் குற்றம். ஓடாவிட்டால் பம்ப் இணைப்பில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். கரண்ட் வந்தும் ஓடவில்லை என்றால்தான் பம்ப் செத்தது. கரண்ட் வரவில்லை என்றால் ஒயரிங்.

ஐகான், ஃபியட் பாலியோ போன்ற வண்டிகளில் இடையில் இன்னொரு காவல்காரர் உண்டு. விபத்தில் இடித்தால் பம்ப்பை நிறுத்தும் இனெர்ஷியா ஸ்விட்ச். பெரிய பள்ளத்தில் இறங்கினாலே சில சமயம் விழுந்துவிடும். தலையில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் சரியாகிவிடும். எங்கே இருக்கிறது என்பதை வண்டியின் கையேட்டில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் தேடுவதற்கு அது நல்ல பொருள் அல்ல.

கரண்ட் வந்தும் பம்ப் சும்மா கிடந்தால் ஒரு பழைய வித்தை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து நின்றிருந்தால் அந்த அதிர்வில் விழித்துக்கொள்ளும். வீடு போய்ச் சேர இது போதும், அப்புறம் பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். சான்ட்ரோவில் பின் சீட்டைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும். சில பழைய மாருதி மாடல்களில் டேங்க்கையே கீழே இறக்க வேண்டியிருக்கும். கூலி பேசும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

கால் டேங்க்குக்குக் கீழேயே எப்போதும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான்.

பொறி வருகிறதா

பம்ப் முனகுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் குழாயில் கை வைக்கும் முன் பொறியைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி விடுவது எதில் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள். ஒரு பிளக் கேபிளைக் கழற்றி, கையிலுள்ள பழைய பிளக்கில் செருகி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி கிளிப் போட்டு மாட்டுங்கள். கையில் பிடிக்காதீர்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் பளிச்சென்று தாவ வேண்டும். கேபிளை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துப் பொறி பார்க்கும் பழைய பாணி வேண்டாம். தாவ இடமில்லாத உயர் வோல்ட்டேஜ் காயிலையும் இக்னைட்டரையும் துளைத்துவிடும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் வண்டி மிஸ்ஸிங்கோடாவது ஸ்டார்ட் ஆகியிருக்கும். எதிலுமே பொறி இல்லை, இன்ஜெக்டரிலும் துடிப்பு இல்லை என்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பாகம்) உள்ள எஞ்சினில் இந்த வேலையைச் செய்யும் சென்சார் அதற்குள்ளேயே இருக்கலாம். ஆர்.பி.எம். மீட்டர் உள்ள வண்டியில் இன்னொரு குறிப்பு: செல்ஃப் சுற்றும்போது முள் லேசாகவாவது துள்ளுகிறதா என்று பாருங்கள். ஸ்கேனர், அதாவது இ.சி.எம். சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி, இருந்தால் சுற்றும்போது 200, 250 என்று ஆர்.பி.எம். காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் எஞ்சின் சுற்றுவதே இ.சி.எம்.முக்குத் தெரியவில்லை.

கிராங்க் சென்சாருக்கு ஒரு குணம். சூட்டில் மயங்கும், ஆறினால் தெளியும். டவுனுக்குள் ஓட்டிவிட்டுக் கடை வாசலில் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, டீ குடித்துவிட்டு வந்தால் ஆகும். சுருள் கம்பி வகைச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து 1,500 ஓம் வரைக்குள் இருக்கும். குளிரில் ஒரு முறை, கோளாறு வந்த சூட்டில் ஒரு முறை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். குளிரில் மட்டும் அளந்துவிட்டு ‘சென்சார் ஓகே’ என்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அழுத்தம் எவ்வளவு

பொறி இருக்கிறது, பம்ப் ஓசை இருக்கிறது. ஓசை இருந்தால் அழுத்தமும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தேய்ந்த பம்ப்பும் முனகும், பெட்ரோலைத் தள்ள மட்டும் தெம்பிருக்காது.

சில வண்டிகளின் ரெயிலில் டயர் வால்வு மாதிரியே ஒரு முனை இருக்கும், கேஜை அதில் மாட்டலாம். இல்லையென்றால் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸில் டி இணைப்பு போட வேண்டும். கிளாம்ப் நன்றாக இறுகியிருக்கட்டும். சாவி ஆன் செய்ததும் முள் 3 பார் அருகே ஏறி நிற்க வேண்டும். உங்கள் மாடலுக்கு உரிய சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

ஏறவே இல்லை, அல்லது 1 பாரோடு நின்றுவிட்டது என்றால் மூன்று சாத்தியம்: அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப், திறந்தபடியே நிற்கும் ரெகுலேட்டர். ரிட்டர்ன் ஹோஸ் ரப்பராக இருக்கும் வண்டியில் அதைத் துணி சுற்றிய பிளையரால் ஒரே ஒரு கணம் நசுக்குங்கள். முள் சட்டென்று எகிறினால் ரெகுலேட்டர்தான் கோளாறு. அசையாவிட்டால் ஃபில்டரும் பம்ப்பும். நசுக்கியபடியே நிற்காதீர்கள், நல்ல பம்ப் என்றால் அழுத்தம் இரு மடங்குவரை போய்ப் பழைய ஹோஸைப் பிளந்துவிடும். ஃபில்டர் விலை குறைவு, அதை முதலில் மாற்றுங்கள். அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் ஹோஸ் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஒரு நாள் வெடிக்கும்.

பம்ப்புக்கு எத்தனை வோல்ட் போகிறது என்பதையும் அது ஓடும்போதே அளந்து பாருங்கள். பேட்டரியில் 12 இருக்க, பம்ப் முனையில் 9 வந்தால் வழியில் எங்கோ அரித்த இணைப்பு 3 வோல்ட்டைத் தின்கிறது. இருபது வருட ஒயரிங்கில் இது அபூர்வமல்ல. புதுப் பம்ப் போட்டும் தீராத கோளாறுகளில் பல இந்த வகைதான்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பிறகு நாள் முழுக்க ஒரே திருப்பில் எடுக்கிறது என்றால், சாவியை ஆன் செய்து இரண்டு நொடி, ஆஃப், மறுபடி ஆன் என்று மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் ராத்திரியில் ரெயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பிலுள்ள ஒருவழி வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ, ரெகுலேட்டரோ காரணம். ரெகுலேட்டரின் தலையிலுள்ள சின்ன வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்டர்

கடைசியில் வர வேண்டிய இதைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், மூன்று நான்கு இன்ஜெக்டர்கள் ஒரே ராத்திரியில் சேர்ந்து அடைத்துக்கொள்ளுமா? ஒன்று அடைத்தால் மிஸ்ஸிங் வரும், பிக்கப் குறையும், வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒரு வருடம் ஷெட்டில் நின்ற வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டியிருக்கலாம்.

இன்ஜெக்டரில் இரண்டு ஒயர். ஒன்றில் சாவி ஆன் ஆனதும் 12 வோல்ட் எப்போதும் இருக்கும், மற்றதை இ.சி.எம். எர்த் செய்யும்போது அது திறக்கும். முதலில் அந்த 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு கனெக்டரில் நாய்டு லைட் என்ற சின்ன சோதனை விளக்கைச் செருகிச் செல்ஃப் அடித்தால் அது மினுக்க வேண்டும். மினுக்கினால் ஆணை வருகிறது. சாதாரண பல்பு டெஸ்ட் லேம்பை இ.சி.எம். ஒயர்களில் வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட் அதிகம். இன்ஜெக்டரின் இரு முனைக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்து ‘டிக்’ சத்தம் கேட்கும் வேலை வேண்டாம், சுருள் கருகிவிடும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை இன்ஜெக்டரில் அழுத்தினால் செல்ஃப் சுற்றும்போதே டிக்டிக் கேட்கும். ஃபேன் பெல்ட்டில் சட்டை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் அதிகமாகிப் போனால்

பிளக்கைக் கழற்றினால் நனைந்து பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் வராத கோளாறு அல்ல, மிதமிஞ்சி வருகிற கோளாறு. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இ.சி.எம்.கள் இதை ‘வெள்ளத்தை வடி’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். ஐந்து நொடி சுற்றியும் ஆகாவிட்டால் பிளக்கை எடுத்துக் காயவைத்துப் போடுங்கள்.

திரும்பத் திரும்ப நனைந்தால் கூலன்ட் வெப்ப சென்சாரைப் பாருங்கள். ஸ்கேனரில் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக, சென்னைக் காலை என்றால் 28, 30 என்று இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 காட்டினால் அந்தச் சென்சாரின் ஒயர் அறுந்திருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் நிற்கும் வண்டி தன்னைச் சைபீரியாவில் நிற்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டுகிறது. ஸ்கேனர் இல்லாவிட்டால் மீட்டரால் அளக்கலாம். பொதுவாக நம் ஊர்க் காலை வெப்பத்தில் 2,000 ஓம் சுற்றுவட்டாரத்திலும், எஞ்சின் சூடான பிறகு 300 ஓம் அருகேயும் இருக்கும்.

ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகி, விட்டவுடன் அணைகிறதா? ஐடில் வால்வும் த்ராட்டில் பாடியும் கரி பிடித்திருக்கும். க்ளீனர் அடித்துத் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெட்ரோலே கெட்டிருந்தால்

மழைக்காலத்துக்குப் பின் இதைக் கட்டாயம் யோசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகளுக்கு டேங்க்கில் தண்ணீர் இறங்கும் ஆபத்து இருந்தது. பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம்வரை கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். ஃபில்டர் ஹோஸிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ, பெயிண்ட் தின்னர் மாதிரிப் புளித்த நாற்றம் வந்தாலோ டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

எலி. சிரிக்க வேண்டாம். பானெட்டைத் திறந்ததும் இன்ஜெக்டர் ஒயரிங்கை முதலில் கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் வேர்க்கடலைத் தோல் கிடந்தால் உறுதியாகப் பாருங்கள்.

ஸ்கேனர் பற்றி

போனில் இணைக்கும் குட்டி ப்ளூடூத் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் கார்களுக்கு ஓ.பி.டி. (வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து பதியும் ஏற்பாடு) கட்டாயமானது 2010 ஏப்ரலுக்குப் பிறகு, பாரத் ஸ்டேஜ் 4-ஓடு படிப்படியாகத்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் 16 முனை சாக்கெட் இருந்தாலும் கருவி பேசாமல் போகலாம். பழைய மாருதியில் வேறு வழி உண்டு. டயக்னசிஸ் முனையை எர்த் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி எண் சொல்லும். ஒரு மினுக்கு, இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் 12, அதாவது பதிவான கோளாறு எதுவும் இல்லை. எந்த முனை என்பதை மேனுவலில் உறுதி செய்த பிறகே தொடுங்கள்.

இப்படிக் கிடைக்கும் கோளாறு எண், அதாவது கோட், ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால் சென்சாரே கெட்டது என்று பொருளல்ல. அந்த வழியில் எங்கோ கோளாறு என்பதுதான் பொருள். கனெக்டரைக் கழற்றி, பச்சை பிடித்திருந்தால் துடைத்து, மறுபடி செருகிப் பார்த்த பிறகு பாகம் வாங்குங்கள். ஒன்று முக்கியம், பம்ப்பின் தளர்ச்சிக்கும் ஃபில்டர் அடைப்புக்கும் கோட் வராது. கோட் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்றாகாது.

இவ்வளவும் பார்த்துத் தீராமல் மெக்கானிக்கிடம் போனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: சாவி ஆனில் செக் எஞ்சின் விளக்கு எரிந்ததா, பம்ப் ஓசை எத்தனை நொடி, பொறி இருந்ததா, பிளக் ஈரமா காய்ந்ததா, அழுத்தம் எத்தனை பார், கோளாறு குளிரிலா சூட்டிலா, இதுவரை எதை மாற்றினீர்கள். மாற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணிப் பாத்துடலாம்’ என்று அவர் ஆரம்பித்தால் அந்தத் தாளை நீட்டி, அழுத்தத்தை அவர் கேஜில் ஒரு தடவை உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள்.